காசநோய்க் குளிசை ஏன் இடையில் நின்றுபோகிறது?

[காட்சி: விடியமுன் புறக்கோட்டை. லொறியிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள்.]

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக இருமல், பின்னேரமானால் காய்ச்சல், உடம்பும் வற்றிக்கொண்டு போகிறது. சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிகிறது. ஆறு மாத வைத்தியம். அரசாங்கக் கிளினிக்கில் குளிசைக்குக் காசில்லை. பிறகு ஏன் சிலர் பாதியில் விடுகிறார்கள்?

முதல் காரணம் கொஞ்சம் விசித்திரமானது: மருந்து வேலை செய்வதுதான். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டோல் என்று நாலு மருந்து. அடுத்த 4 மாதம் முதல் இரண்டு மட்டும். குடிக்கத் தொடங்கிச் சில வாரத்திலேயே இருமல் அடங்கும், பசி வரும். "சுகமாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று மனம் கேட்கும்.

[காட்சி: கிருமிகள் பெருகும் வரைபடம்.]

ஆனால் கிருமி சுகமாகவே உள்ளே இருக்கிறது. ஈ.கோலை போன்ற கிருமி ஏறத்தாழ 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு 20 மணித்தியாலம் அளவில் எடுக்கும். அதில் ஒரு பகுதி அசையாமல் உறங்கிக் கிடக்கும். அதை அழிக்கத்தான் மிச்ச மாதங்கள். குளிசையை விட்டும் தொட்டும் குடித்தால், மருந்துக்கு மசியாத கிருமிகள் தங்கிப் பெருகும்.

அடுத்தது கூலி. சுகாதார ஊழியர் ஒருவர் பார்த்திருக்கக் குளிசையை விழுங்குவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிளினிக் திறக்கும் நேரத்தில் சந்தையில் பாதி வேலை முடிந்துவிடும். அங்கே வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. குளிசை இலவசம், அந்தக் காலைப்பொழுது இலவசமில்லை. இதைக் 'கவனயீனம்' என்று கொப்பியில் எழுதிவிடுவது சுலபம்.

வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். ரிஃபாம்பிசினால் சலம் தோடம்பழ நிறத்தில் போகும். முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் இரத்தம் என்றுதான் பயப்படுவார்கள். அது ஆபத்தில்லை. ஆனால் கண் மஞ்சளானால் உடனே டொக்டரிடம் போக வேண்டும்.

அப்புறம் வெட்கம். சுவரோடு சுவர் ஒட்டிய தோட்ட வீடுகளில் பி.எச்.ஐ.யின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரின்) மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றால் போதும், பொதுக் குழாயடியில் கதை தொடங்கிவிடும். வீட்டில் கலியாணம் பேசுகிற பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். பிழையான விலாசம் கொடுப்பவர்கள் இதற்குப் பயந்துதான் கொடுக்கிறார்கள்.

[காட்சி: பழைய சென்னைத் தெரு.]

இந்தக் கதைகளுக்குப் பின்னால் இருப்பது, 'வீட்டிலிருந்தால் மற்றவர்களுக்கும் தொற்றிவிடும்' என்ற பயம். அதற்கு 1959இலேயே சென்னையிலிருந்து ஒரு பதில் வந்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானட்டோரியம் எனும் காசநோய் ஆஸ்பத்திரியிலும், மற்றவர்களை நெரிசலான சொந்த வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். பலன் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. ஆனால் சும்மா விட்டுவிடவில்லை: வீடு தேடிப் போய்க் குளிசையை எண்ணினார்கள், சலத்தையும் சோதித்தார்கள்.

சரி, நீங்கள் குளிசை குடிப்பவரென்றால் கிளினிக் மிஸ்ஸிடம் வேலை நேரத்தைச் சொல்லி, வீட்டுக்குப் பக்கத்தில் யார் முன்னால் குடிக்கலாம் என்று கேளுங்கள். தீபாவளிக்குப் பதுளைக்கோ ஹட்டனுக்கோ போவதென்றால், பஸ் ஏற முன்பே சொல்லிவிடுங்கள். அங்கேயும் மார்புநோய்க் கிளினிக் இருக்கிறது. துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போகலாம்.