கத்தினால் தடுமாறும் ஹார்ட் டிஸ்க்! அப்போ எஸ்எஸ்டி?

[திரையில்: ஓடும் டிஸ்க்கின் முன்னால் கத்தும் ஒருவர்]

ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் அருகே போய்த் தொண்டை கிழியக் கத்தினால் என்ன ஆகும்? டிஸ்க் தடுமாறும், நிஜமாகவே. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் இதைச் செய்தே காட்டினார். டிஸ்க் அடுக்கைப் பார்த்து ஒரு கத்து. டிஸ்க் பதில் தர எடுக்கும் நேரம் திரையில் குபீரென்று ஏறியது. வீட்டில் செய்து பார்க்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

[திரையில்: மூடி திறந்த ஹார்ட் டிஸ்க்]

காரணம் இதோ. தட்டில் தகவலைப் படிப்பதும் எழுதுவதும் இந்தக் குட்டி ஹெட்தான். ஆனால் அது தட்டைத் தொடுவதே இல்லை. தட்டு சுழலும்போது கிளம்பும் காற்றின் மேல் மிதக்கிறது, அதுவும் சில நானோமீட்டர் உயரத்தில். ஒரு தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. கத்தும் சத்தத்தின் அதிர்வே அதை ஆட்டிவிடும். கீழே தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மூன்றரை அங்குல டிஸ்க்கின் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! ஓடும்போது டிஸ்க் கீழே விழுந்தால் ஹெட் தட்டில் கோடு கிழித்துவிடும். அந்தக் கோடு சரியாக உங்கள் கல்யாண ஆல்பத்தின் மேல்தான் விழும், சந்தேகமே வேண்டாம்.

எஸ்எஸ்டி என்றால் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க். அதில் அசையும் பாகமே கிடையாது. செல்கள் என்ற குட்டி அறைகளுக்குள் மின்னூட்டமாகத் தகவல், அவ்வளவுதான்.

“எழுத எழுதத் தேய்ந்துவிடுமே?” தேயும். ஆனால் 1 டெராபைட் எஸ்எஸ்டி பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும் வரை வாரண்டி வரம்பு வைக்கிறார்கள். தினமும் 50 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 32 வருஷத்துக்கு மேல் ஆகும். இதற்குப் பயப்படுவது வீண்.

பயப்பட வேண்டியது வேறு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் புலம்பிவிட்டுத்தான் சாகும்: டிக் டிக் சத்தம், திறக்கத் திணறும் ஃபைல்கள். அந்த இடைவெளியில் முக்கியமானதைக் காப்பி எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் அதை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் போனால் நேற்று ராத்திரி ஓடியது, இன்று காலை கம்ப்யூட்டருக்கே அது கண்ணில் படாது. இன்னொன்று, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மின்னூட்டம் மெல்லக் கசியும். தேய்ந்த நிலையில், 30 டிகிரியில், 1 வருஷம் தாங்கினால் போதும் என்றுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்ற சிப் துறை அமைப்பின் தரமே சொல்கிறது.

அதனால் லேப்டாப்புக்குள் எஸ்எஸ்டி, யோசிக்கவே வேண்டாம். அலமாரியில் தூங்கப்போகும் பேக்கப்புக்கு என் ஓட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு.

சரி, உங்கள் டிஸ்க் சாகும் முன் என்ன சத்தம் போட்டது? கமென்ட்டில் எழுதுங்கள். சத்தமே போடாமல் போனதா? அப்போ அது எந்த ஜாதி என்று நானே சொல்லிவிடுவேன்.