பதவியில் இருப்பவருக்கு வாக்கு கூடுமா?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தேர்தல் நெருங்கிவிட்டால் வடசேரி பேருந்து நிலையத்திலும் மார்த்தாண்டம் சந்தையிலும் இரண்டு பேச்சுகள் கேட்கும். "சிட்டிங் எம்.எல்.ஏ.வாச்சே, அவருக்கு ஜெயிக்க என்ன கஷ்டம்?" என்பார் ஒருவர். "அஞ்சு வருஷம் பாத்தாச்சு, ஆள மாத்தணும்" என்பார் இன்னொருவர். இரண்டில் எது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பொருந்தும்?

அமெரிக்காவில் முதல் பேச்சுதான் பொருந்தும். அங்கே பிரதிநிதிகள் சபைக்கு மறுபடியும் நிற்கும் உறுப்பினர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் பெரும்பாலான தேர்தல்களில் வென்றுவிடுகிறார்கள். இங்கே 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் ஆறு உறுப்பினர்களும் மீண்டும் களமிறங்கினார்கள். குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் உறுப்பினர்கள் வென்றார்கள். கன்னியாகுமரியிலும் நாகர்கோவிலிலும் இருந்த தி.மு.க. உறுப்பினர்கள் தோற்றார்கள். மாநில அளவில் அந்தக் கட்சி வென்று ஆட்சிக்கு வந்த தேர்தல் அது.

பதவியில் இருப்பவருக்கு வசதிகள் இல்லாமல் இல்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. அந்தப் பணத்தில் எழும் நிழற்குடையிலும் கலையரங்கத்திலும் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பணம் நம் வரிப்பணம் என்றாலும் பெயர் அவருடையது. கோயில் கொடை, சர்ச் திருவிழா, துட்டி வீடு என்று எங்கே போனாலும் முன் நாற்காலி அவருக்கு. தேர்தல் அறிவித்ததும் அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள், கல்வெட்டைத் துணியால் மூடுகிறார்கள். அதுவரை ஊர் பார்த்துப் பழகிய பெயரைத் துணி மறைத்துவிடுமா? புதிதாக நிற்பவருக்கும் அவருக்கும் ஒரே செலவு வரம்புதான், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். ஆனால் புதியவர் தன் முகத்தை அறிமுகம் செய்வதிலிருந்தே தொடங்க வேண்டும்.

இத்தனை வசதியும் வாக்காக மாறுகிறதா? இந்த இடத்தில்தான் நம் மாவட்டம் யோசிக்க வைக்கிறது.

2014 நாடாளுமன்றத் தேர்தலில் கன்னியாகுமரித் தொகுதியில் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம் வாக்குகள் பெற்று வென்றார். காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் நான்கும் தனித்தனியாக நின்ற தேர்தல் அது. பிறகு அவர் மத்திய இணை அமைச்சரானார். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் வந்தன. இன்னொரு பக்கம், இனயம் துறைமுகத் திட்டத்தைக் கடற்கரை ஊர்கள் எதிர்த்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கரைக்குத் திரும்பாத மீனவர்களின் குடும்பங்களை நொறுக்கிப் போட்டது. எல்லாம் முடிந்து 2019இல் அவர் பெற்ற வாக்கு எவ்வளவு? சுமார் 3 லட்சத்து 67 ஆயிரம். ஏறத்தாழ அதே எண். காங்கிரஸ், தி.மு.க., மார்க்சிஸ்ட் மூன்றும் ஒன்றுசேர்ந்ததால் காங்கிரசின் எச். வசந்தகுமார் 6 லட்சத்து 27 ஆயிரம் பெற்று இரண்டரை லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். அந்த முறை அ.தி.மு.க. பொன். ராதாகிருஷ்ணனோடு நின்றது. அதையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாண்டுப் பதவி அவருக்குக் கூட்டிக் கொடுத்ததைவிடக் குறைத்ததுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளவங்கோடு இன்னும் தெளிவான சோதனை. 2011, 2016, 2021 மூன்று முறையும் விஜயதரணி காங்கிரசில் வென்றார். மூன்றாவது வெற்றியின் வித்தியாசம் சுமார் 28 ஆயிரம். 2024இல் அவர் பதவியை விட்டு பா.ஜ.க.வில் சேர்ந்தார். இடைத்தேர்தலில் காங்கிரஸ் நிறுத்திய தாரகை கத்பர்ட் அந்தத் தொகுதிக்குப் புதிய வேட்பாளர். அவர் வென்றது 40 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில். நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்ந்து நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், பத்தாண்டுக்கு மேல் இருந்தவர் போனதும் வாக்கு கட்சியோடும் கூட்டணியோடும் தங்கிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

மாறான உதாரணமும் நம்மிடமே உண்டு. என். டென்னிஸ் 1980 முதல் 1998 வரை நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியில் தொடர்ந்து ஆறு முறை வென்றார். கடைசி இரண்டும், காங்கிரசிலிருந்து பிரிந்து ஜி.கே. மூப்பனார் 1996இல் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரசில். ஆனால் இங்கிருந்த காங்கிரசின் பெரும்பகுதியே அப்போது மூப்பனாரோடு போயிருந்தது. ஆகவே அது முழுக்கத் தனிமனிதச் செல்வாக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

இதில் என்னை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. கூட்டணிக் கணக்கே முடிவு செய்கிறது என்றால், ஊர் ஊராக அலைந்து வேலை செய்த உறுப்பினருக்கு அதற்கான வாக்கு வராது. ஐந்தாண்டு எட்டிப் பார்க்காதவருக்குத் தண்டனையும் கிடைக்காது. அப்புறம் கடைமடைக்குத் தண்ணீர் வராத தோவாளைக் கால்வாய்க்காக, ரப்பர் விலைக்காக, கடல் அரிப்புக்காக ஒரு உறுப்பினர் ஏன் சட்டமன்றத்தில் மல்லுக்கட்ட வேண்டும்?

கட்சி பார்த்து வாக்களிப்பது உங்கள் உரிமை, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கட்சிக்குள் யார் நிற்பது என்று முடிவாகும் முன்பே உங்கள் ஊர்க் கட்சிக்காரரிடம் வாய் திறந்து கேளுங்கள்: இவர் நம் தொகுதிக்காகச் சட்டமன்றத்தில் என்ன பேசினார், மேம்பாட்டு நிதியில் எவ்வளவு செலவானது, எந்த ஊருக்குப் போனது? வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். புதியவருக்கு ஒரு பத்திரம்தான் இருக்கும். மறுபடியும் நிற்பவருக்குப் பழையதும் புதியதுமாக இரண்டு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நன்றி, வணக்கம்.