கரைந்த பிறகும் பிரியாத ஜோடி: அயனி இணை

[திரையில்: கண்ணாடிக் குவளையில் எப்சம் உப்பு மெல்லக் கரைகிறது]

வணக்கம். உப்பு கரைவதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு படம் நம் எல்லார் மனதிலும் இருக்கும். தண்ணீரில் போட்டதும் நேர் அயனி தனி, எதிர் அயனி தனி. அதன்பின் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. சாப்பாட்டு உப்பைக் கொஞ்சமாகக் கரைத்தால் இந்தப் படம் பெரும்பாலும் சரிதான். ஆனால் இப்போது திரையில் கரைகிற எப்சம் உப்புக்கு, அதாவது மக்னீசியம் சல்பேட்டுக்கு, இது போதாது. அதன் அயனிகளில் ஒரு பங்கு கரைசலுக்குள்ளேயே ஜோடி சேரும், சற்று நேரத்தில் பிரியும், வேறு துணையோடு மறுபடி சேரும். இந்த ஜோடிக்குத்தான் அயனி இணை என்று பெயர்.

எவ்வளவு நெருங்கினால் ஜோடி? 1926ல் டென்மார்க் வேதியியலாளர் நீல்ஸ் பியெரும் இதைக் கணக்காகப் போட்டார். ஒரு பக்கம் மின் ஈர்ப்பு இழுக்கிறது. இன்னொரு பக்கம் வெப்பம் அயனிகளை ஓயாமல் தள்ளி அலைக்கழிக்கிறது. ஒற்றை மின்சுமை உள்ள இரண்டு அயனிகளுக்கு இந்த இரண்டு ஆற்றலும் சமமாகும் தூரம், அறை வெப்பநிலைத் தண்ணீரில் சுமார் 0.7 நானோமீட்டர். வெற்றிடத்திலோ சுமார் 56 நானோமீட்டர்! தண்ணீர் அந்த ஈர்ப்பை ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்காக்கிவிடுகிறது. அதனால்தான் தண்ணீரில் உப்பு இவ்வளவு நன்றாகப் பிரிகிறது. மக்னீசியம், சல்பேட் இரண்டுக்கும் மின்சுமை இரண்டிரண்டு என்பதால் அவற்றுக்கு அந்தத் தூரம் நான்கு மடங்கு. ஜோடி சேரும் வாய்ப்பும் அதற்கேற்பக் கூடிவிடும்.

[திரையில்: கடலுக்கடியில் சோனார் அலை பரவும் வரைபடம்]

சரி, கண்ணுக்குத் தெரியாத இந்த ஜோடிகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு பெரிய தடயம் கடலின் ஒலியிலிருந்து கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஒலியை அனுப்பிக் கடலுக்கடியில் இருப்பதைக் கண்டறியும் சோனார் கருவியோடு வேலை செய்தவர்களுக்கு ஒரு புதிர். பல பத்தாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், நல்ல தண்ணீரைவிடக் கடல் நீர் சுமார் 30 மடங்கு ஒலியை விழுங்கியது. கடலில் அதிகம் இருப்பது சோடியம் குளோரைடு, சந்தேகம் அதன் மேல்தான் போகும். ஆனால் 1940களின் கடைசியில் அமெரிக்க ஆய்வகங்களில் உப்புகளைத் தனித்தனியாகக் கரைத்துச் சோதித்தபோது, காரணம் மக்னீசியம் சல்பேட் என்று தெரிந்தது. ஒரு லிட்டர் கடல் நீரில் உள்ள சுமார் 35 கிராம் உப்பில் மக்னீசியம் 1.3 கிராம், சல்பேட் 2.7 கிராம் அளவுதான். அதிலும் மக்னீசியத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே சல்பேட்டோடு ஜோடியாக இருக்கிறது. இத்தனை சிறிய பங்கு இவ்வளவு வேலை செய்கிறது!

[திரையில்: அழுத்தம் ஏறி இறங்க, அயனிகள் பிரிந்து சேரும் அசைபடம்]

எப்படி என்று பார்க்கலாம். ஒலி என்பது அழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவது. தனியாக இருக்கும் அயனி, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக்கி இழுத்து வைத்திருக்கும். அதனால் கரைசலின் கன அளவு சற்றுக் குறையும். ஜோடி சேர்ந்தால் அந்தப் பிடி தளர்ந்து, கன அளவு சற்றுக் கூடும். ஆகவே அழுத்தம் ஏறும்போது சில ஜோடிகள் பிரிகின்றன, இறங்கும்போது சேர்கின்றன. இது அந்தக் கணமே நடந்து முடிந்தால் ஒலிக்கு நஷ்டமில்லை. ஆனால் அயனிகள் அலைக்குச் சற்றுப் பின்தங்கியே வருகின்றன. அந்தத் தாமதத்தில்தான் ஒலியின் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. ஒவ்வொரு அலைக்கும் ஆகும் இழப்பு, ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் உச்சத்தைத் தொடும்.

ஏன் சரியாக அங்கே? 1962ல் ஜெர்மனியின் மான்ஃப்ரெட் ஐகனும் கொன்ராட் தாமும் தந்த விளக்கம் இது. இரண்டு அயனிகளும் முதலில் தத்தம் நீர் உறையோடு நெருங்குகின்றன. அப்புறம் நடுவே ஒரே ஒரு நீர் மூலக்கூறு மிஞ்சுகிறது. கடைசியில் அதுவும் விலகி, நேரடித் தொடுகை. இந்தக் கடைசிப் படிதான் மெதுவானது. மக்னீசியம் தன்னை ஒட்டியிருக்கும் நீரை எளிதில் விடாது. ஒரு நீர் மூலக்கூறு போய் இன்னொன்று வர மைக்ரோ விநாடி அளவு ஆகும். சோடியத்தோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்குக்கும் மேல் மெதுவு. கடலில் ஒலி தேயும் அதிர்வெண்ணை ஒரு நீர் மூலக்கூறின் பிடிவாதம் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். இப்படி மிக வேகமான வினைகளை அளக்க வழி கண்டதற்காக 1967 நோபல் பரிசில் ஐகனுக்குப் பங்கு கிடைத்தது.

 

தண்ணீரை விட்டு எண்ணெய் போன்ற கரைப்பானுக்குப் போனால் ஈர்ப்பைத் தணிக்க ஆளில்லை, அயனிகள் ஜோடியாகத்தான் நடமாட முடியும். வேதியியலாளர்கள் இதையே வழியாக்கினார்கள். நீண்ட கரிமச் சங்கிலிகள் கொண்ட ஒரு நேர் அயனியோடு ஜோடி சேர்த்துவிட்டால், தண்ணீரை விட்டு வர மறுக்கும் சயனைடு அயனிகூட அந்த எண்ணெய் போன்ற அடுக்குக்குள் வந்து வினை புரியும். 1971ல் அமெரிக்க வேதியியலாளர் சார்லஸ் ஸ்டார்க்ஸ் விளக்கிய நிலைமை மாற்ற வினையூக்கம் இதுதான். மருந்துத் தயாரிப்பில் இன்றும் பயன்படுகிறது.

[திரையில்: ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகள், ஓர் ஓரம் பெரிதாகிறது]

இனி ரத்தத்துக்கு வருவோம். புரதத்துக்குள் நேர்மின் அமினோ அமிலமும் எதிர்மின் அமினோ அமிலமும் ஜோடி சேர்ந்தால் அதை உப்புப் பாலம் என்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் இவை என்ன செய்கின்றன என்பதைப் பிரிட்டன் விஞ்ஞானி மாக்ஸ் பெரூட்ஸ் 1970ல் விளக்கினார். ஆக்சிஜன் இல்லாத வடிவத்தில் பல உப்புப் பாலங்கள் சங்கிலிகளை இறுக்கிப் பிடித்திருக்கும். நுரையீரலில் ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது அவை அறுகின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். பீட்டா சங்கிலியின் கடைசி அமினோ அமிலம், 146வது இடத்து ஹிஸ்டிடின். அதன் ஜோடி, அதே சங்கிலியில் 94வது இடத்து ஆஸ்பார்டேட். ஓடியாடி உழைக்கும் தசையில் கார்பன் டை ஆக்ஸைடும் அமிலத்தன்மையும் கூடும். அங்கே ஹிஸ்டிடின் ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கி நேர்மின் சுமை பெறுகிறது. உடனே ஆஸ்பார்டேட்டோடு பாலம் உறுதியாகிறது, ஆக்சிஜன் இல்லாத வடிவம் வலுப்பெறுகிறது, ஆக்சிஜன் கழன்று தசைக்குப் போகிறது. கார்பன் டை ஆக்ஸைடு கூடினால் ரத்தம் ஆக்சிஜனை எளிதில் விடுகிறது என்று டென்மார்க் உடலியலாளர் கிறிஸ்டியன் போர் 1904ல் கண்ட விளைவுக்கு, முக்கியமான ஒரு காரணம் இந்தச் சின்ன ஜோடி.

ஹீமோகுளோபின் ஹிரோஷிமா என்றொரு மரபு மாற்றம் உண்டு. அதில் அந்த 146வது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் ஆஸ்பார்டேட் இருக்கும். அதாவது 94ல் எதிர்மின், 146லும் எதிர்மின். பாலம் போட வழியே இல்லை. அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது, அமிலம் கூடினாலும் மற்றவர்களுடையதைப் போலத் தாராளமாக விடுவதில்லை.