பத்து மாதமாகியும் தவழவில்லையே?

சரி, அடுத்த கேள்வி. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் பையனுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. இன்னும் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்கிறான். எதிர்வீட்டுக் குழந்தைக்கும் இதே வயதுதான், அது சுவரைப் பிடித்து நடக்கிறது. மாமியார் வாக்கர் வாங்கு என்கிறார். டாக்டர், இவனுக்கு ஏதாவது குறையா?"

முதலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பையன் நகர்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூரத்தில் கிடக்கும் பொம்மை வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுகிறது, அங்கே போக ஒரு வழியையும் கண்டுபிடித்திருக்கிறான். நீங்கள் எதிர்பார்த்த வழி அதுவல்ல, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாடுகள், 816 குழந்தைகள். இந்தியாவில் டெல்லிக் குழந்தைகள். பிடிமானம் இல்லாமல் உட்காருவது சுமார் 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை. கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5 மாதத்திலிருந்து பதின்மூன்றரை வரை. தானாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை வரை. எல்லாமே நல்ல ஆரோக்கியமான குழந்தைகள்தான். ஒரே வேலையை ஒரு குழந்தை எட்டு மாதத்தில் செய்கிறது, இன்னொன்று பதினேழு மாதத்தில் செய்கிறது! எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற தாய்மார்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் சொல்வது.

அதே ஆய்வில் 100-க்குச் சுமார் 4 குழந்தைகள் முட்டி ஊன்றித் தவழவே இல்லை. வயிற்றால் ஊர்ந்தார்கள், உங்கள் பையனைப் போலத் தேய்த்துப் போனார்கள், சிலர் நேராக எழுந்து நின்றுவிட்டார்கள். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2022-இல் வளர்ச்சிப் படிகளின் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதையே அதிலிருந்து எடுத்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் பாடுவார்கள் இல்லையா? செங்கீரை என்றால் குழந்தை கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, தலையைத் தூக்கி ஆட்டுவது. அது ஐந்தாம் மாதம். சப்பாணி, உட்கார்ந்து கை தட்டுவது, ஒன்பதாம் மாதம். வாரானை, 'வா வா' என்று கூப்பிட்டால் தளர்நடை போட்டு வருவது. ஒரு வயதை ஒட்டி. தவழ்வதற்கென்று அதில் தனிப் பருவம் கிடையாது. பாடியவர்கள் மருத்துவம் பார்த்து எழுதவில்லை, ஆனால் குழந்தையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். முதலில் தலை நிற்கிறது, அப்புறம் முதுகு, கடைசியில் கால். வளர்ச்சி மேலிருந்து கீழே இறங்குகிறது. இந்த வரிசைதான் முக்கியம், தேதி இல்லை.

தேய்த்து நகரும் குழந்தைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள். உட்கார்ந்தே காரியம் ஆகும்போது எதற்கு எழுந்திருப்பது? வீட்டில் கேட்டுப் பாருங்கள், அப்பாவோ சித்தப்பாவோ இப்படித்தான் நகர்ந்தார் என்று பாட்டி சொல்வார். பல குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது.

இப்போது வாக்கர். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், வேண்டாம். நடுவில் உட்கார வைத்து, சுற்றிச் சக்கரம் ஓடுமே, அதைச் சொல்கிறேன். அதில் குழந்தை நுனிக்காலால் உந்துகிறது, உடம்பைத் தாங்குவது துணி இருக்கைதான். நிற்கக் கற்றுக்கொள்ளவே வாய்ப்பில்லை. படியில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்டு வருகிறார்கள். கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. மாமியார் மனதில் இருப்பது பழைய மர நடைவண்டி என்றால், அது வேறு சமாச்சாரம். அதைக் குழந்தை பின்னால் நின்று, தன் காலில் தாங்கித் தள்ள வேண்டும். பிடித்து நிற்க ஆரம்பித்த பிறகு, யாராவது கூடவே இருந்தால், அதைக் கொடுக்கலாம்.

அதுவரை பையனைத் தரையில் விடுங்கள். நம் வீடுகளில் பாதி நேரம் குழந்தை யாராவது ஒருவர் இடுப்பில்தான் இருக்கிறது! டைல்ஸ் தரை வழுக்கும், சாக்ஸைக் கழற்றிவிட்டு ஒரு பாயை விரியுங்கள். பிடித்த டம்ளரையோ கரண்டியையோ கட்டில் விளிம்பில், அவன் எழுந்தால் மட்டும் எட்டுகிற உயரத்தில் வையுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை, ஒரு கையை மட்டுமே நீட்டுகிறான், மறு கை எப்போதும் மூடியே இருக்கிறது, அக்குளில் பிடித்துத் தூக்கினால் இரண்டு காலும் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகிறது, சத்தத்துக்குத் திரும்பவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். எல்லாவற்றையும்விட, போன மாதம் செய்ததை இந்த மாதம் செய்யவில்லை என்றால், அன்றைக்கே கிளம்புங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள், இந்தப் பரிசோதனைக்கென்றே இருக்கும் பிரிவு அது. தேய்த்து நகர்வதைக் கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் எந்தக் குழந்தையும் செய்து காட்டாது, அழத்தான் செய்யும்.

இன்னொன்று, சகோதரி. பையன் எத்தனையாவது வாரத்தில் பிறந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. 32 வாரத்தில் பிறந்திருந்தால் எட்டு வாரத்தைக் கழிக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் அவனுக்கு இப்போது எட்டு மாதம்தான் ஆகிறது. அதை மட்டும் கீழே எழுதுங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.