கதிரை அடுக்க மட்டும் ஆக்களைக் கூப்பிடாதேங்கோ | திருகோணமலை வ்லாக்

வணக்கம் மக்களே! டச்பே கடற்கரையில நிண்டு கதைக்கிறன், காத்து இரைஞ்சா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட ஊர்க்குழுவில தொண்டரா சேருற ஆக்கள் ரெண்டாம் மாசமே நிண்டுபோறது ஏன் எண்டு கன பேர் கேட்டிருந்தீங்கள். நேரா சொல்லுறன், பிழை எங்களில. வாற பிள்ளையள் கதிரை அடுக்கோணும், பனர் பிடிக்கோணும், பிளேன்டீ குடுக்கோணும். கடிதம் எழுதுறதும் அதிகாரியளோட கதைக்கிறதும் அதே நாலு பெரியாக்கள். பிறகு ஆர் நிப்பினம்?

முந்தி கூட்டம் வைக்கிறது சனி பின்னேரம் ஆறு மணிக்கு, டவுனில. கிண்ணியா ஆக்களுக்கு அது மஃரிப் நேரம். சம்பூர் அக்காமார் இருட்டினாப் பிறகு எப்பிடி வீடு போறது? 2009இல கிண்ணியாப் பாலம் திறந்து பாதை லேசாச்சுதுதான், ஆனா பஸ் காசு அவையின்ர கையாலதானே போகுது. இப்ப ஒரு மாசம் டவுன், அடுத்த மாசம் மூதூர். காலமை பத்து மணி. பஸ் காசு குழுவின்ர கணக்கில.

உண்மையான மாற்றம் வந்தது ஒரு கானால. கருவாடு விக்கிற அக்கா ஒராள், ஆறு மாசமா பின்வரிசையில வாய் திறக்காம இருந்தவா. மாரி வந்தா அவவின்ர ஒழுங்கைக் கான் நிரம்பி வீட்டுக்குள்ள தண்ணி. “அந்தக் கானுக்கு எவ்வளவு காசு ஒதுக்கினவை எண்டு நீங்களே கேளுங்கோ அக்கா” எண்டம். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கெல்லோ! ஏன் கேக்கிறம் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத ஏலாட்டி வாயால சொல்லலாம், தகவல் அலுவலர் எழுதி எடுக்கவேணும். அக்கா விடேல்ல, “நானே எழுதுறன்” எண்டா. மூண்டு தாள் கிழிஞ்சுது.

தகவல் தாறமா இல்லையா எண்டு கந்தோர் 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். விண்ணப்பம் குடுத்ததுக்குத் தந்த பற்றுச்சீட்டை அக்கா ஷொப்பிங் பேக்கில சுத்தி பேர்சுக்குள்ள வச்சிருந்தா. சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழிச்சு கலண்டரில ஒவ்வொரு நாளா வெட்டினா. பதினாலாம் நாள் எங்களுக்குச் சொல்லாமலே கந்தோருக்குப் போயிட்டா!

பதில் வந்துது. கூட்டத்தில எழும்பி நிண்டு அவாதான் வாசிச்சா. கான் இன்னும் முடியேல்ல, வேலை பாதியில நிக்குது.

வாற கிழமை தெரு லைட் விசயமா அடுத்த விண்ணப்பம். எழுதுறது ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி. அக்கா பக்கத்தில இருப்பா, பேனையைத் தொடமாட்டா.