பெல் அடிச்சா பசங்க பையைத் தூக்குறாங்க!

வணக்கம் வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னைக்கு கொஞ்சம் கோவமாதான் கேமரா முன்னாடி உக்காந்திருக்கேன். ஒரு ஸ்கூல்ல நிலநடுக்க மாக் ட்ரில், வந்து பாருங்கன்னு கூப்பிட்டாங்க, போயிருந்தேன். பெல் அடிச்சாங்க. அடிச்ச உடனே பாதிப் பசங்க பையை எடுத்து தோள்ல மாட்டிட்டு கிளம்பிட்டாங்க! ஏன்னா வீட்டுக்கு விடுற பெல்லும் அதேதான். பீரியட் முடிஞ்சா அந்த சத்தம், இன்டர்வல்லுக்கு அந்த சத்தம், ஆபத்துக்கும் அதே சத்தம்னா குழந்தை என்னன்னுங்க எடுத்துக்கும்?

தனி சத்தம் வேணும். விசிலை விட்டு விட்டு ஊதலாம், மெகாபோன்ல சைரன் பட்டன் இருக்கும் அதை அமுக்கலாம், கையால அடிக்கிற மணி ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், கரன்ட் போச்சுன்னா எலக்ட்ரிக் பெல் ஊமையாயிடும். தீ விபத்துக்கு வச்ச சத்தத்தை வேற எதுக்கும் அடிக்கவே கூடாது, ஏன்னா தீன்னா உடனே வெளிய போகணும், பூமி ஆடும்போது உள்ளயே குனிஞ்சு உக்காரணும், ரெண்டும் நேர் எதிர். அட, முக்கியமானதை விட்டுட்டேன், நிஜமா நிலநடுக்கம் வந்தா பெல் அடிக்க யாருக்கு நேரம் இருக்கும்? ஆட்டம் தான் பெல்லு! இதை எத்தனை வீடியோவுல சொல்லியிருக்கேன்! தரை ஆடுறது தெரிஞ்ச நொடியே யாரும் சொல்லாம மேஜைக்கு அடியில போகணும், தலையையும் கழுத்தையும் மறைக்கணும், மேஜைக் காலைப் புடிச்சுக்கணும். ஏன் புடிக்கணும்? மேஜையும் நகரும், அதுகூடவே நாமளும் நகரணும். இந்த "ஏன்"ஐ யாருமே பசங்களுக்கு சொல்றதில்ல.

எனக்கு சார்ட் பேப்பர் போஸ்டர் அறவே புடிக்காதுன்னு நம்ம சேனல் பாக்குறவங்களுக்குத் தெரியும். பசங்க அதை அப்படியே மனப்பாடம் பண்ணிடுறாங்க, கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறாங்க. தீ பிடிச்சா நில்லு, படு, உருளுன்னு ஒரு பையன் சொன்னான், சரி தம்பி ரூம் பூரா புகையா இருந்தா என்ன பண்ணுவன்னேன், அப்பவும் உருளுவேங்கிறான்! டிரஸ்ல தீ பிடிச்சாதான் உருளணும், புகைன்னா தரையோட தரையா தவழ்ந்து வெளிய வரணும்னு அவனுக்கு யாரும் பிரிச்சு சொல்லல. தப்பு அவன் மேல இல்ல.

ஆனா ஒரு விஷயம் நடந்துச்சு பாருங்க, மனசு நெறஞ்சு போச்சு. மூணாங்கிளாஸ் பாப்பா ஒண்ணு கையைத் தூக்கி, "மிஸ், நான் பாத்ரூம்ல இருந்தா?"ன்னு கேட்டுச்சு. அந்த மொத்தக் கூட்டத்துலயும் இதுதாங்க கேள்வி! ட்ரில்னாலே முன்கூட்டியே தேதி சொல்லி, எல்லாரும் பெஞ்சுல உக்காந்திருக்கும்போது, மிஸ் பக்கத்துல நிக்கும்போதுதான் நடக்குது. மாடிப்படியில, கிரவுண்டுல, பாத்ரூம்ல இருக்குற புள்ளைக்கு யாரு சொல்லித் தர்றது? மேஜை இல்லன்னா உள்பக்கச் சுவர் ஓரமா, கண்ணாடி இல்லாத இடத்துல குனிஞ்சு கையால தலையையும் கழுத்தையும் மூடிக்கணும். வெளிய இருந்தா கட்டடத்தையும் கரன்ட் கம்பியையும் விட்டுத் தள்ளிப் போயிடணும். வீல்சேர்ல இருக்குற புள்ளைன்னா பிரேக்கைப் போட்டுட்டு முன்னாடி குனிஞ்சு தலையை மூடணும், அதை எந்த ட்ரில்லயும் செஞ்சு காட்டி நான் பாத்ததே இல்ல.

நான் சும்மா கத்தல. ஜப்பான்ல 2011 மார்ச் 11 சுனாமி. கமாய்ஷிங்கிற ஊர்ல பசங்களுக்கு பல வருஷமா மூணு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தாங்க: சுனாமி தண்ணி எதுவரைக்கும் வரும்னு போட்ட வரைபடத்துல இருக்குறதை அப்படியே நம்பாதே, அந்த நேரத்துல உன்னால முடிஞ்ச அளவுக்கு செய், முதல் ஆளா நீ ஓடு. நடுநிலைப் பள்ளிப் பசங்க ஓட ஆரம்பிச்சாங்க, பக்கத்து தொடக்கப் பள்ளியில மாடிக்கு ஏறியிருந்த சின்னப் பசங்க அதைப் பாத்துட்டு கீழ இறங்கி கூடவே ஓடினாங்க, பெரியவங்க சின்னவங்க கையைப் புடிச்சுக்கிட்டாங்க. குறிச்சு வச்சிருந்த இடத்துக்குப் போயும் நிக்கல, அங்க மலைச்சரிவு இடிஞ்சிருந்துச்சு, இது சரியில்லன்னு இன்னும் மேல போனாங்க. பொழச்சாங்க.

அதே நாள்ல ஒகாவா தொடக்கப் பள்ளி. பள்ளிக்குப் பின்னாடியே குன்று. நிலநடுக்கத்துக்கும் தண்ணி வந்ததுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 50 நிமிஷம். அந்த நேரத்துல பெரும்பகுதியும் பசங்க மைதானத்துலயே நின்னாங்க. 74 குழந்தைங்க, 10 ஆசிரியர்கள் இறந்து போயிட்டாங்க. அந்தப் பள்ளியோட கையேட்டுல, எங்க போகணும்ங்கிற இடத்துல பக்கத்துல இருக்குற காலி இடம், பூங்கான்னு பொத்தாம்பொதுவா எழுதியிருந்துச்சு. முன்னாடியே பண்ணியிருக்க வேண்டிய ஏற்பாடு பத்தலன்னு கோர்ட்டும் சொல்லிச்சு. இதைப் பேசும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதுக்காக இடிஞ்சு விழுற கட்டடம் வீடியோவையெல்லாம் சின்னப் புள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். பயந்த குழந்தை உறைஞ்சு நின்னுடும். கையில ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்க, நீ விளக்கை அணைக்கணும், நீ பக்கத்துல இருக்குறவன் கையைப் புடிச்சுக்கணும், நீ எல்லாரும் வந்தாச்சான்னு தலை எண்ணணும்னு, எவ்வளவு பொறுப்பா செய்யுதுங்க தெரியுமா!

ஆங், இன்னொண்ணு, பெத்தவங்களுக்கு. அந்த வாட்ஸ்அப் வீடியோவை அனுப்பாதீங்க, மேஜைக்கு அடியில போகாதே, பக்கத்துல முக்கோண இடத்துல படுன்னு வருமே, அது தப்பு. வாசப்படியில நில்லுங்கிறதும் பழைய கதை. அப்புறம் உங்க புள்ளைகிட்ட இன்னைக்கு ராத்திரியே உங்க போன் நம்பரைக் கேளுங்க. அந்த கிளாஸ்ல நான் கேட்டப்போ நிறைய பசங்க முழிச்சாங்க, நம்பர் எல்லாம் போன்லயே சேவ் ஆகி இருக்கே, மனப்பாடமா யாருக்குத் தெரியுது? பத்து இலக்கம், பாட்டா பாடிக் கொடுத்தாலும் சரி, கத்துக் கொடுத்துடுங்க. அடுத்த தடவை அந்த ஸ்கூலுக்கு இன்டர்வல் நேரத்துலதான் ட்ரில் வைக்கணும்னு சொல்லிட்டேன், பெரிய மிஸ்ஸும் சரின்னுட்டாங்க, அதை அப்படியே ஷூட் பண்ணிட்டு வர்றேன்.