எல்விஸுக்கு 16 வருடம் முன்பே ரெக்கார்டு போட்ட பெண்! ராக் அண்ட் ரோலின் தாய் யார்?

வணக்கம். ராக் அண்ட் ரோல் என்றதும் யார் முகம் ஞாபகம் வருகிறது? எல்விஸ் பிரெஸ்லி, சரிதானே? அவருடைய முதல் ரெக்கார்டு கடைக்கு வந்தது 1954இல். 1938லேயே டெக்கா என்ற ரெக்கார்டு கம்பெனிக்குக் கிதார் வாசித்துப் பாடிக் கொடுத்துவிட்டார் ஒரு கறுப்பினப் பெண். பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்.

பிறந்தது 1915இல், ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்ற சின்ன ஊர். அம்மா பிரசங்கம் செய்பவர், மகள் சிறு வயதிலேயே கிதாரும் கையுமாக அவர்கூடப் போனவர். சர்ச் பாட்டை நைட் கிளப் மேடையில் பாடியதால் பக்தர்களிடம் திட்டும் வாங்கினார். 1951இல் வாஷிங்டன் பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். வந்தவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். தாலி கட்டிய கையோடு கச்சேரி என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த மாதிரி!

சரி, நான் சொல்லத் துடிக்கும் இடத்துக்கு வருகிறேன். 1964 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டர். பயணிகள் வராமல் மூடிக்கிடந்த ரயில் நிலையம் ஒன்றை கிரனாடா டிவிக்காரர்கள் அமெரிக்கத் தெற்கத்தி ஸ்டேஷன் மாதிரி ஜோடித்திருந்தார்கள். ஒரு பிளாட்பாரத்தில் ரசிகர்கள், எதிர் பிளாட்பாரத்தில் பாடகர்கள், நடுவே தண்டவாளம். அன்று பார்த்து நல்ல மழை. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் ரொசெட்டா. வயது 49, உடம்பில் தடித்த கோட். எலக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டுகிறார். பாடவிருந்த பாட்டை அந்த இடத்திலேயே மாற்றி, பைபிளில் வரும் நோவா காலத்துப் பெருமழையைப் பற்றிய பாட்டை எடுக்கிறார்! நடுவில் அவர் விரல்கள் மட்டும் பேசும் ஒரு கட்டம் வரும். ஒரு சுரத்தை இழுத்து வளைத்து அப்படியே விடுவார் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும்.

பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்டை 14 வயதில் முதன்முதலாகப் பெரிய மேடையில் ஏற்றியவரும் இவர்தான். இந்த இசையின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அமைப்பு 1986இல் அந்த ரிச்சர்டையும் எல்விஸையும் முதல் வரிசையில் சேர்த்தது. ரொசெட்டாவைச் சேர்த்தது 2018இல். எனக்கு இது ஆறவே இல்லை. 1973இல் அவர் இறந்தபோது பிலடெல்பியாவில் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. 2008இல் கச்சேரி நடத்திப் பணம் திரட்டித்தான் கல் வைத்தார்கள்.

அந்த மான்செஸ்டர் வீடியோவை இன்றே தேடிப் பாருங்கள், ஹெட்போன் போட்டுக்கொண்டு. எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள்.